தண்ணீர் கலந்த பெட்ரோல் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

சிறிய விமான விபத்துகளைப் பற்றிய கட்டுரையில், ‘எரிபொருளில் தண்ணீர் இருந்ததால் எஞ்சின் நின்றது’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். தண்ணீர் இருந்தால் எஞ்சின் கிளம்பியே இருக்கக் கூடாதே? ஓடுபாதை வரை ஒழுங்காக ஓடியது மேலே ஏறியதும் நிற்பானேன்? விமானி சோதித்துப் பார்க்காமல் ஏறிவிட்டார் என்பதுதானே பொருள்?

கே.

அன்புள்ள கே.,

இன்னும் விரிவாக எழுதியிருக்க வேண்டும். உங்கள் கடைசிக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

விமான பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 720 கிராம்தான். தண்ணீர் அதைவிடக் கனம் என்பதால் டேங்கின் அடியில் போய்த் தங்கிவிடும். ஆனால் குழாயிலும் வடிகட்டியிலும் கார்புரேட்டரிலும் ஏற்கெனவே நல்ல பெட்ரோல் நிற்கிறது. எஞ்சினைக் கிளப்பவும் ஓடுபாதை வரை ஊர்ந்து போகவும் அது போதும். பிறகு முழு வேகம் கொடுக்கிறார்கள். பெட்ரோல் பல மடங்கு வேகமாக இழுபடுகிறது. மூக்கு மேலே தூக்கியதும், மூலையில் கிடந்த தண்ணீர் சரிந்து குழாய் வாய்க்கு வந்துவிடுகிறது. சில நூறு அடி உயரத்தில் எஞ்சின் அடங்குகிறது. அங்கே யோசிக்கவே நேரமில்லை. நேர் முன்னால் கிடைத்த இடத்தில் இறங்கு என்றுதான் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். ஆனால் ஓடுபாதை முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது திரும்பத்தான் மனம் தவிக்கும். அப்படித் திரும்பும்போது வேகம் குறைந்து விழுந்து இறந்தவர்கள் பலர்.

இனி சோதனை. பயிற்சி தரும் நண்பர் ஒருவர் எனக்குச் செய்து காட்டினார். நடுவில் சிறு ஊசி நீட்டிய கண்ணாடி போன்ற கப். இறக்கைக்கு அடியில் உள்ள வடிகால் வால்வில் அழுத்தினால் பெட்ரோல் பீய்ச்சி நிறைகிறது. அடையாளத்துக்காகச் சாயம் கலந்த வெளிர்நீலப் பெட்ரோல். தண்ணீர் இருந்தால் அடியில் முத்துப்போல உருளும். இரண்டாவது முறை ஒரு கப்பை என் முகத்துக்கு நேரே, வானத்தைப் பார்த்துப் பிடித்தார். முத்து இல்லை, கோடு இல்லை, லேசான நீலம். சுத்தமாக இருக்கிறது என்றேன். அது முழுக்க முழுக்கக் குடிதண்ணீர்! நீலம் வானத்தினுடையது.

அன்றிலிருந்து ‘பார்க்காமல் ஏறினார்’ என்று யாரைப் பற்றியும் என்னால் சொல்ல முடிவதில்லை. டேங்க் மூடியின் ரப்பர் தேய்ந்தால் மழைநீர் இறங்கும். ரப்பர் பை டேங்காக இருந்தால் மடிப்புக்குள் தண்ணீர் ஒளிந்துகொள்ளும். கப்பில் நல்ல பெட்ரோலே வரும். 1999 இறுதியில் ஆஸ்திரேலியாவில் மொபில் நிறுவனத்தின் ஆல்டோனா ஆலையிலிருந்து வந்த பெட்ரோலில் எத்திலீன் டையமீன் என்ற ரசாயனம் கலந்துவிட்டது. ஆயிரக்கணக்கான சிறு விமானங்களைத் தரையில் நிறுத்த வேண்டியதாயிற்று. எந்த விமானியின் கப்பிலும் அது தெரிந்திருக்காது.

பாப் ஹூவர் என்ற புகழ்பெற்ற அமெரிக்க சாகச விமானியின் பெட்ரோல் விமானத்தில் ஒருமுறை தவறுதலாக ஜெட் எரிபொருளை நிரப்பிவிட்டார்கள். ஏறியதும் எஞ்சின்கள் நின்றன. எப்படியோ இறக்கி எல்லோரையும் காப்பாற்றினார். நிரப்பிய இளைஞரைத் தேடிப் போய், நாளைக்கும் என் விமானத்துக்கு நீதான் நிரப்ப வேண்டும் என்றார். திட்டவில்லை. பெட்ரோல் டேங்க் வாய்க்குள் நுழையாதபடி ஜெட் எரிபொருள் குழாய்க்கு அகலமான மூக்கு வைக்கும் முறையும் பின்னாளில் வந்தது. அதற்கு அவர் பெயர்தான்.

தண்ணீரைத் தடுக்க அப்படி ஒரு மூக்கு கிடையாது. நண்பர் ஓட்டும் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் 13 வடிகால்கள். ஒவ்வொன்றிலும் பிடித்து, வெள்ளை இறக்கையை ஒட்டி வைத்துப் பார்த்து, முகர்ந்தும் பார்த்த பிறகே ஏறுகிறார்.