ஓப்பன்எல்டாப்பில் கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் மாற்றுவது எப்படி?

கல்லடியில் உங்கள் கணினி வகுப்பு மாணவர் ஓப்பன்எல்டாப்பில் (பயனர் கணக்குகளை வைத்திருக்கும் அடைவு மென்பொருள்) உள்ள தன் கடவுச்சொல்லை மறந்துவிட்டார், திரைப் பலகம் இல்லாமல் எப்படி மாற்றுவது என்று கேட்டீர்கள். எல்டாப்பாஸ்வேர்ட் கட்டளை போதும். (பாஸ்வேர்டில் ஓவும் ஆரும் கிடையாது, பழைய யுனிக்ஸ் சிக்கனம்!) பெரிய டி-க்குப் பின் நிர்வாகியின் முழுப்பெயர் (டிஎன், அதாவது அடைவில் அந்தக் கணக்கின் முழு முகவரி), பெரிய டபிள்யூ, பெரிய எஸ், கடைசியில் மாணவரின் முழுப்பெயர். இந்தத் தெரிவெழுத்துகளுக்கு முன் சிறுகோடு (-) வரும். பெரிய டபிள்யூ நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். பெரிய எஸ் புதியதைக் கேட்கும். எளிய உள்நுழைவென்றால் (பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கொடுப்பது) சின்ன எக்ஸும் வேண்டும்.

சின்ன எஸ் போட்டுப் புதிய கடவுச்சொல்லை வரியிலேயே எழுதாதீர்கள். அது ஷெல்லின் (கட்டளைகளை ஏற்கும் நிரலின்) வரலாற்றுக் கோப்பில் பதிந்துவிடும். நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

எல்டாப்மாடிஃபை என்ற கட்டளையாலும் மாற்றலாம்தான். ஆனால் வழக்கமான அமைப்பில், நீங்கள் கொடுத்த எழுத்துகள் ஹாஷ் (திரும்பப் படிக்க முடியாத குறியீடு) ஆகாமல் அப்படியே சேமிக்கப்படும். அப்புறம், எந்தக் கட்டளையானாலும் இணைப்பை மறைகுறியாக்க இரண்டு பெரிய இசட் சேர்த்துக்கொள்ளுங்கள்.