'எ மார்பிள்' என்று எழுதலாமா?

கேள்வி: எங்கள் பூர்விக வீட்டைப் பார்க்க வரும் வெளிநாட்டவருக்காக முகப்பில் பலகை வைக்க எண்ணி, 'திஸ் ஹால் ஹேஸ் அன் இத்தாலியன் மார்பிள், எ பெல்ஜியன் கிளாஸ் அண்ட் மெனி ஃபர்னிச்சர்ஸ்' என்று எழுதினேன். கல்லூரியில் படிக்கும் என் மகள், மூன்றுமே பிழை என்கிறாள். ஒருமைக்கு முன் 'எ', 'அன்' வர வேண்டும் என்றுதானே படித்தோம்?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: உங்கள் மகள் சொல்வது சரி. நீங்கள் படித்த விதியும் சரிதான். ஆனால் அது எண்ணத்தகும் பெயர்ச்சொற்களுக்கு மட்டுமே உரியது.

தரையில் பதித்த கல்லைக் குறிக்கும் 'மார்பிள்', தண்ணீரையும் மணலையும் போல எண்ணத்தகாத சொல். அதன்முன் 'எ' சேர்த்தால் பொருளே மாறி, பிள்ளைகள் விளையாடும் கோலிக்குண்டு ஆகிவிடும். 'எ கிளாஸ்' என்றாலும் அப்படித்தான், தண்ணீர் குடிக்கும் தம்ளரே நினைவுக்கு வரும். சுவரில் மாட்டிய நிலைக்கண்ணாடிக்கு 'எ மிரர்' என்றே எழுத வேண்டும்.

'ஃபர்னிச்சர்' பலரையும் தடுமாற வைப்பது. நாற்காலியையும் கட்டிலையும் நம்மால் எண்ண முடிகிறது. ஆயினும் அவற்றைத் தொகுத்துச் சொல்லும் அந்தச் சொல்லை ஆங்கிலம் எண்ணுவதில்லை. தமிழில் தகவல்கள், அறிவுரைகள் என்று இயல்பாகவே பன்மையில் எழுதும் பழக்கத்தால்தான் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்' என்றும் எழுதிவிடுகிறோம். எண்ணிச் சொல்லியே தீர வேண்டுமானால் 'எ பீஸ் ஆஃப் ஃபர்னிச்சர்', 'டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்' என்று எழுதலாம். எந்தச் சொல் எந்த வகை என்பதை ஊகத்தால் அறிய முடியாது. ஆங்கிலம் கற்போருக்கான அகராதிகளில் எண்ணத்தகும் சொல்லுக்கு 'சி' என்றும் தகாததற்கு 'யு' என்றும் குறித்திருப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு.

'தி' இரு வகைக்கும் பொது; 'தி மார்பிள் இன் திஸ் ஹால்' என்று குறிப்பிட்ட கல்லைச் சுட்டும்போது அது வரும். 'வீடு பழையது' என்பதை அப்படியே 'ஹவுஸ் இஸ் ஓல்டு' என்று எழுதுவதும் பிழை. எண்ணத்தகும் ஒருமைச் சொல் ஆங்கிலத்தில் பெரும்பாலும் தனித்து நிற்காது. 'தி ஹவுஸ்' அல்லது 'திஸ் ஹவுஸ்' என வேண்டும்.

ஆகவே பலகையில், 'திஸ் ஹால் ஹேஸ் அன் இத்தாலியன் மார்பிள் ஃப்ளோர், எ பெல்ஜியன் மிரர் அண்ட் எ லாட் ஆஃப் ஃபர்னிச்சர்' என்று எழுதுங்கள். 'அன்' மீண்டும் வந்துவிட்டதே என்று திகைக்க வேண்டாம். இங்கே அது மார்பிளுக்கு உரியதன்று, எண்ணத்தகும் 'ஃப்ளோர்' என்ற சொல்லுக்கு உரியது. வளவில், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியில், ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் 'ஆத்தங்குடி டைல்ஸ்' என்று பன்மையிலேயே எழுதலாம். 'டைல்' எண்ணத்தகும் சொல்தான்.