வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்தி ஓட்டலாமா?

சைக்கிள் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் இருப்பது 1980களில் செய்த ஸ்டீல் ரேசிங் சைக்கிள். பாலக்கோடு சாலையில் நின்றிருந்த டிராக்டர் டிரெய்லர் மீது மோதியதில் முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) பின்பக்கமாக வளைந்துவிட்டது. திருப்பும்போது கால்விரல் முன் டயரில் இடிக்கிறது. காய்ச்சி நிமிர்த்தித் தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். அல்லது புதிய கார்பன் ஃபோர்க் வாங்கிப் போடலாமா?
– வாசகர், தருமபுரி

பதில்: காய்ச்சும் யோசனையை விட்டுவிடுங்கள். அந்தக் காலத்து நல்ல ஃபோர்க்கின் கால்கள் சுவர் மெல்லிய ஸ்டீல் குழாய்கள். காய்ச்சாமல் இழுத்து இழுத்துத்தான் அவற்றுக்கு உறுதி ஏற்றியிருப்பார்கள். சிவக்கச் சூடாக்கினால் அந்த உறுதி இறங்கிவிடும். போதாததற்கு, ஒருமுறை மடங்கிய இடத்தை எதிர்ப்பக்கம் மடக்கும்போது கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழலாம். ஊருக்குள் ஓட்டும்போது அது பல நாள் தாங்கும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் முன் பிரேக்கை இறுக்கும்போது முறிந்தால் முகம்தான் முதலில் தரையில் படும். ஃபோர்க் காலின் நுனி 2, 3 மி.மீ. விலகியிருந்தால் காய்ச்சாமல் மெதுவாக நேராக்குவது உண்டு. டயர் கால்விரலில் இடிக்கும் அளவு வளைந்தது அந்தக் கணக்கில் வராது.

புது ஃபோர்க்குக்குப் பணம் கொடுக்குமுன் பிரேமைப் பாருங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். நேராக மோதிய சைக்கிளில் தலைக்குழாயை (பிரேமின் முன்னால், ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் குட்டைக் குழாய்) ஒட்டி, மேல் பாரிலும் கீழ் பாரிலும், அடிப்பக்கத்தில் சுருக்கம் விழும். கண்ணை நம்பாமல் விரலை ஓட்டுங்கள், 5 செ.மீ.க்குள் மேடு தட்டுப்பட்டாலோ, பெயின்ட் குறுக்கே கீறிட்டிருந்தாலோ பிரேமும் போய்விட்டது என்று பொருள். அதில் புது ஃபோர்க் போடுவது வீண்செலவு.

பிரேம் நன்றாக இருந்தால் பழைய ஃபோர்க்கைக் கழற்றி அளவெடுங்கள். தலைக்குழாய்க்குள் ஏறி நிற்கும் பகுதியைத் தண்டு என்போம். அதன் வெளிவிட்டம் பெரும்பாலும் 25.4 மி.மீ., அதாவது 1 அங்குலம் இருக்கும். பழைய பிரெஞ்சு சைக்கிளாக இருந்தால் 25 மி.மீ. வெர்னியர் இல்லாமல் இந்த வித்தியாசம் தெரியாது. அடுத்தது மரை. பொதுவான அளவு அங்குலத்துக்கு 24. பழைய ராலே வண்டிகளில் 26. பிரெஞ்சில் 1 மி.மீ.க்கு ஒன்று. 20 மரையை ஸ்கேலில் அளந்தால் முறையே 21.2, 19.5, 20 மி.மீ. வரும். 24 மரைத் தண்டில் 26 மரை நட்டு இரண்டு சுற்று ஏறிப் பிடித்துக்கொள்ளும். ஸ்பேனரால் அழுத்தினால் இரண்டு மரையும் கெடும். நட்டு வெறும் விரலால் கடைசிவரை ஏற வேண்டும், அதுதான் சோதனை.

மூன்றாவது அளவைக் கடைக்காரர்களே மறந்துவிடுவார்கள்: ஃபோர்க்கின் தோளில் கீழ் கோன் (பால்ரஸ் குண்டுகள் உருளும் வளையம்; அதற்கு ஜோடியாகத் தலைக்குழாயில் உட்காருவது கப்) உட்காரும் இடம். இது 26.4 மி.மீ. என்றும் 27 மி.மீ. என்றும் இரண்டு வகை. 26.4 கோனை 27 மி.மீ. இருக்கையில் அடித்து ஏற்றினால் கோன் வெடிக்கும்; எதிர்மாறாகப் போட்டால் தளர்ந்து, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் 'டக்' என்று அடிக்கும். புது ஃபோர்க்கின் இருக்கைக்குப் பொருந்தும் கப்-கோன் செட்டையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. கப்பின் வெளிவிட்டம் உங்கள் தலைக்குழாய்க்குப் பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள், 30.2, 30.0 என இரண்டு அளவு புழங்குகிறது.

பிறகு உயரம். ஆக்சில் நடுவிலிருந்து கோன் இருக்கைவரை ரேசிங் ஃபோர்க்கில் சுமார் 365 முதல் 375 மி.மீ. ஹைப்ரிட் சைக்கிள் ஃபோர்க் இதைவிட நீளம். 20 மி.மீ. கூடினால் முன்பக்கம் தூக்கி, தலைக்குழாயின் கோணம் ஏறக்குறைய 1 டிகிரி படுத்துவிடும். மெதுவாகப் போகும்போது ஹேண்டில் பக்கவாட்டில் சாயும். தண்டின் நேர்கோட்டிலிருந்து ஆக்சில் எவ்வளவு முன்னே தள்ளியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 40 முதல் 50 மி.மீ.க்குள் ஏதாவது வரும். வளைந்த ஃபோர்க்கில் உயரமும் இந்த அளவும் தப்பாகவே காட்டும் என்பதால், அதே மாடல் வண்டி யாரிடமாவது இருந்தால் அதில் அளப்பது உத்தமம்.

இப்போது கார்பன். இன்று கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானவை 28.6 மி.மீ. தண்டு அல்லது அடியில் இன்னும் பருத்த தண்டு கொண்டவை. உங்கள் தலைக்குழாயில் அவற்றுக்குக் கப் போட இடமே இருக்காது. 1 அங்குலத் தண்டுள்ள கார்பன் ஃபோர்க் தேடினால் கிடைக்கும். ஆனால் அதன் தண்டில் மரை இருக்காது, ஆகவே ஹேண்டில் ஸ்டெம்மும் கப்-கோனும் வேறு வகை வேண்டும். எங்கள் கருத்து: உங்கள் வண்டிக்கு 24 மரை போட்ட ஸ்டீல் ஃபோர்க்தான் சரி. பழைய ஸ்டெம் அப்படியே உள்ளே போகும். அதன் விட்டம் 22.2 மி.மீ. தானா என்று மட்டும் பாருங்கள்.

பிரேக் போல்ட்டின் துளையையும் கவனியுங்கள். பழைய பிரேக்குகளில் 6 மி.மீ. போல்ட் ஃபோர்க்கைத் தாண்டி வந்து வெளியே நட்டு பிடிக்கும். புதிய ஃபோர்க்குகளில் நட்டு உள்ளே புதையும்படி பின்துளை 8 மி.மீ. இருக்கும். பழைய பிரேக்கையே போட்டால் பெரிய துளைக்குள் போல்ட் ஆடாதபடி புஷ் தேவை.

கேள்வி: வாங்கிய ஸ்டீல் ஃபோர்க்கின் தண்டு 25 மி.மீ. நீளமாக இருக்கிறது. எப்படி வெட்டுவது?
– வாசகர், பென்னாகரம்

பதில்: வெட்டுமுன், மரை எதுவரை இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். வெட்டிய பிறகு மேல் கோனும் நட்டும் ஏற மரை மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் அந்த ஃபோர்க் உங்கள் பிரேமுக்கானது அல்ல. லேத்தில் புது மரை வெட்டித் தருவதாகச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள், தண்டின் சுவர் அங்கே அதற்கேற்ற தடிமனில் இருக்காது.

மேல் நட்டைத் தவிர எல்லாவற்றையும் பூட்டுங்கள். வாஷருக்கு மேலே தண்டு எவ்வளவு நீட்டுகிறது என்று அளங்கள். மேல் நட்டின் உள் ஆழத்தையும் அளங்கள். நீட்டும் பகுதி அந்த ஆழத்தைவிட 1 முதல் 2 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். சமமாகவோ கூடவோ இருந்தால் நட்டு தண்டின் தலையில் முட்டி நின்றுவிடும், கோன் இறுகாது.

வெட்டும் கோட்டுக்குக் கீழே இரண்டு பழைய நட்டுகளை ஏற்றி ஒன்றோடொன்று இறுக்குங்கள். அந்த இரண்டில் மேலே உள்ள நட்டின் விளிம்பை ஒட்டி, அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஆக்ஸா பிளேடால் அறுத்தால் வெட்டு கோணலாகாது. உள்ளும் வெளியும் அரம் போட்டு, பிறகு நட்டுகளைக் கழற்றுங்கள். கழறும்போதே மரையின் பிசிறைத் துடைத்துக்கொண்டு வரும். இரும்புத்தூள் ஒரு துளிகூடக் கப்பில் விழக் கூடாது.

ஸ்டெம்மைச் செருகும்போது அதன் அடியில் உள்ள ஆப்பு, மரை போட்ட பகுதியைத் தாண்டிக் கீழே இருக்கட்டும். மரைப் பகுதியில் ஆப்பு விரிந்தால் தண்டு அங்கேதான் முறியும். ஸ்டெம்மில் குறித்திருக்கும் குறைந்தபட்ச ஆழக்கோடு வெளியே தெரியவே கூடாது. கிரீஸ் தடவிச் செருகுங்கள், இல்லாவிட்டால் சில வருடத்தில் துருவேறிக் கழற்ற முடியாது.

கேள்வி: ஃபோர்க் மாற்றியதிலிருந்து ஹேண்டில் கனமாகத் திரும்புகிறது. கோனைத் தளர்த்தினால் ஆடுகிறது, இறுக்கினால் சிக்குகிறது.
– வாசகர், ஓசூர்

பதில்: அரைச்சுற்றில் சிக்கி மறு அரைச்சுற்றில் ஆடினால் ஏதோ ஒன்று கோணலாக இருக்கிறது. பெரும்பாலும் கீழ் கோன் ஒருபக்கம் முழுதாக உட்காராமல் இருக்கும். தோளுக்கும் கோனுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். சுத்தியலால் நேரே அடிக்காதீர்கள். 1 அங்குல ஜி.ஐ. பைப் துண்டின் உள்விட்டம் 27 மி.மீ.க்குச் சற்று மேல். தண்டின் மேல் நழுவ விட்டு அதன் தலையில் தட்டினால் கோன் சமமாக இறங்கும். பைப்பின் முனை மட்டமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும், ஓசூரில் எந்த லேத் பட்டறையிலும் நிமிடத்தில் முடியும் வேலை.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கனமாக இருந்தால் பால்ரஸ் கூண்டைத் தலைகீழாகப் போட்டிருப்பீர்கள். குண்டுதான் கப்பையும் கோனையும் தொட வேண்டும், கூண்டின் தகடு தொடக் கூடாது. தனிக் குண்டுகளாக இருந்தால் வட்டம் நிரம்ப அடுக்கி, ஒன்றை எடுத்துவிடுங்கள். 5/32, 3/16 அங்குலக் குண்டுகளைக் கலக்காதீர்கள். நேராகப் போகும் நிலையில் மட்டும் 'டொக்' என்று பிடித்தால் பழைய கப்பில் குழி விழுந்துவிட்டது. கப்பை மாற்ற வேண்டும்.

சரியாக வந்த பிறகு முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் தலைக்குழாயில் ஆட்டம் இருக்காது. முன்சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்டில் தானாக ஒருபக்கம் விழும். சமதளத்தில் 50 கி.மீ. ஓடியபின் மறுபடி இறுக்கிப் பாருங்கள், கப் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும். ஒகேனக்கல் மலைப்பாதை அதன்பிறகுதான்.

கேள்வி: 27 அங்குலச் சக்கரம் உள்ள என் வண்டிக்கு 700சி ஃபோர்க்தான் கிடைக்கிறது. சாதா சைக்கிளின் 28 அங்குல ஃபோர்க் எளிதில் கிடைக்கும். எதைப் போடலாம்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: 700சி. ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 27 அங்குலத்தில் 630 மி.மீ., 700சியில் 622. ஆரத்தில் 4 மி.மீ.தான் வித்தியாசம். உங்கள் சக்கரத்தை அப்படியே போட்டால் டயர் தோளில் உரசலாம். முன்சக்கரத்தை 700சிக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. பிரேக் கட்டைகள் ரிம்மில் முழுதாகப் படுகின்றனவா என்று மட்டும் பாருங்கள், டயரைத் தொட்டால் ஒரே நாளில் கிழித்துவிடும்.

28 அங்குல ஃபோர்க் வேண்டாம். அது 635 மி.மீ. ரிம்முக்கும் கம்பி பிரேக்குக்கும் செய்தது. உங்கள் பிரேக் ரிம்மை எட்டாது, ஆக்சில் பிளவும் ஒல்லி ஆக்சிலுக்கானது. அரத்தால் பிளவை அகலப்படுத்திப் போட்டுத் தருவதாகச் சொல்வார்கள்; இரு பக்கமும் சமமாக அராவாவிட்டால் சக்கரம் ஒருபக்கம் சாய்ந்தே நிற்கும்.