தாமரை இலைத் தண்ணீரும் சுவர்ச் சாயமும்

அன்புள்ள ஐயா,

உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகன், இயற்கையைப் பார்த்து மனிதர்கள் உருவாக்கிய பொருள்களைப் பற்றிப் பள்ளிக்குக் கட்டுரை எழுதுகிறான். அழுக்கு ஒட்டாத சாயத்தைத் தாமரை இலையிலிருந்து ஜெர்மானியர்கள் கற்றார்கள் என்று எழுதியிருந்தான். ‘தாமரை இலைத் தண்ணீர்’ என்று நாம் காலங்காலமாகச் சொல்கிறோமே, அது நமக்கு முன்பே தெரிந்ததுதானே என்றேன். “தெரிந்திருந்தால் நாம் ஏன் சாயம் செய்யவில்லை?” என்று கேட்டான். என்ன சொல்வது?

மலர்விழி, ஈசூன்

அன்புள்ள மலர்விழி,

நீங்கள் சொன்னதில் பொய்யில்லை; உங்கள் மகன் கேட்டதிலும் தவறில்லை. இலையில் நீர் ஒட்டாததை நம் முன்னோர் கூர்ந்து பார்த்தார்கள், பார்த்ததைப் பற்றற்ற மனத்துக்கு உவமையாக்கினார்கள். அது ஏன் ஒட்டவில்லை என்பதை அறிய வெறுங்கண் போதாது.

ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1970களில் இலைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, வழவழப்பான இலைகளை முதலில் கழுவித் தூசு போக்க வேண்டியிருந்தது; சொரசொரப்பான இலைகளோ கழுவாமலே தூய்மையாக இருந்தன. வழவழப்பாக இருந்தால்தான் அழுக்கு ஒட்டாது என்று நாம் நினைப்பதற்கு இது நேர்மாறு. தாமரை இலையின் மேற்பரப்பு முழுவதும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே உள்ள மேடுகள். அவற்றின் மேல் அதனினும் மிக நுண்ணிய மெழுகுக் குழல்கள். துளி அந்த முனைகளை மட்டும் தொட்டுக்கொண்டு, இடையில் அடைபட்ட காற்றின்மேல் உருண்டையாக உட்கார்கிறது. உருளும்போது தூசையும் வாரிக்கொண்டு போகிறது. பார்த்லாட்டும் அவருடன் ஆராய்ந்த நைன்ஹூயிஸும் 1997இல் இதை விரிவாக வெளியிட்டார்கள். 1999இல் அந்த முறையில் செய்த வெளிச்சுவர்ச் சாயம் விற்பனைக்கு வந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை மகனுக்குச் சொல்லுங்கள். நம் சிங்கப்பூரின் மரினா பேயில் உள்ள கலை அறிவியல் அரும்பொருளகம் தாமரை போல விரிந்து நிற்கிறது. கூரையில் விழும் மழைநீரைத் திரட்டி நடுவழியே உள்ளே விழச் செய்கிறது. அழகான கட்டடம், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது பூவின் தோற்றத்தை எடுத்துக்கொண்டது; சாயம் எடுத்துக்கொண்டதோ இலை வேலை செய்யும் முறையை.

நம் ஊரிலேயே இதற்கு இன்னொரு சான்று உண்டு. சிப்பி ஓட்டைக் குத்தி உடைத்து உண்ணும் மாண்டிஸ் இறாலின் ‘சுத்தியல்’, அதாவது குத்தும் கால், ஏன் உடைவதில்லை என்பதை விளக்கி 2012இல் வந்த ஆய்வில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரும் பங்கேற்றனர். அந்தச் சுத்தியலின் உள்ளே கைட்டின் (இறால், நண்டு ஓடுகளில் உள்ள பொருள்) இழைகள் அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கும் முந்தியதிலிருந்து சற்றுத் திரும்பி, சுழற்படிக்கட்டு போல அமைந்திருக்கின்றன. விரிசல் நேராக ஓட முடியாமல் வளைந்து வளைந்து வலுவிழக்கிறது. அதே அடுக்குமுறையில் கார்பன் இழைத் தகடுகளையும் பின்னர் செய்து பார்த்தார்கள். உலை எதுவும் இல்லாமல், கடல்நீரின் வெப்பத்திலேயே அந்த இறால் இதைச் செய்துகொள்கிறது என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. தோலுரிக்கும்போது புதிதாகவும் செய்துகொள்கிறது.

ஆகவே நாம் ஏன் சாயம் செய்யவில்லை என்ற கேள்வியோடு நிற்க வேண்டாம். பழமொழி ‘ஒட்டாது’ என்பதோடு நின்றது. சாயம் அந்த மேடுபள்ளத்தைக் கற்றதோடு நின்றது. சாயம் தேய்ந்தால் தேய்ந்ததுதான். உயிருள்ள பல இலைகளில் உரசலால் போன மெழுகு மறுபடியும் ஊறி வளர்கிறது. தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் அந்தத் திறனை நம் பூச்சுகளுக்கு முழுமையாகக் கொடுக்க இன்னும் முடியவில்லை.

தாமரைக் குளம் தேடி அலைய வேண்டியதில்லை. சேப்பங்கிழங்குச் செடி போதும், அதன் இலையிலும் நீர் முத்தாக உருளும். மகனை ஓர் இளம் இலையில் காசளவு இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். தேய்த்த இடத்தில் துளி பரவி ஒட்டும். அதற்கு அரை அங்குலம் தள்ளி உருண்டோடும். அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுவிட்டு, இரண்டு வாரம் நாள்தோறும் ஒரு துளி விட்டு, மீண்டும் உருள்கிறதா என்று தேதி போட்டு எழுதி வரட்டும். சாறு பட்டால் கை அரிக்கும். இலையைக் கிள்ளாமல் செடியிலேயே வைத்துச் செய்யட்டும்.