குழந்தை உரிமைத் துறையில் பணியாற்ற விரும்பும் மகளைக் குறித்து

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

உங்கள் மகள் உலகக் குழந்தைகளின் உரிமைகளுக்காகப் பணியாற்ற விரும்புவதாகவும், அது தொண்டாக அமையுமே தவிரப் பிழைப்புக்கு உதவாது என்று நீங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரக்கத்தை மட்டும் நம்பி நுழைபவர்களைப் பொறுத்தவரை இந்த அச்சம் நியாயமானதே. ஒரு தொழில்திறனைக் கையில் கொண்டு வருபவர்களின் நிலை வேறு.

இத்துறையின் அடித்தளம், 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை ஆகும். அமெரிக்கா கையெழுத்திட்டும் ஏற்புறுதி (உடன்படிக்கைக்குக் கட்டுப்படுவதாகத் தரும் இறுதி ஒப்புதல்) அளிக்காமல் இருக்க, ஏறத்தாழ உலக நாடுகள் அனைத்தும் இதில் இணைந்துள்ளன. இணைந்த அரசுகள், குழந்தைகளின் கல்வி, உடல்நலம், பாதுகாப்பு ஆகியவற்றில் தாங்கள் செய்தவற்றைக் குறித்து ஜெனீவாவில் கூடும் 18 வல்லுநர்கள் கொண்ட குழுவிடம் குறிப்பிட்ட கால இடைவெளியில் அறிக்கை அளிக்க வேண்டும். அரசு சொல்லாமல் விட்டதைத் தொண்டு நிறுவனங்கள் தனி அறிக்கையாக அதே குழுவின் முன் வைக்கின்றன. சிறார் சிறைகளின் நிலையைச் சட்டம் அறிந்தவரும், பள்ளி இடைநிற்றலைப் புள்ளியியல் அறிந்தவரும், ஊட்டச்சத்துக் குறைபாட்டைப் பொதுச் சுகாதாரம் பயின்றவரும்தான் ஆதாரத்தோடு எழுத முடியும். மேடைப்பேச்சும் பதாகையும் வெளியே தெரிகின்றன. ஊதியம் பெரும்பாலும் இந்த எழுத்துக்கும் களப்பணிக்கும்தான் கிடைக்கிறது.

ஆகவே இளநிலையில் சட்டம், சமூகப்பணி, புள்ளியியல், உளவியல் போன்ற ஒரு துறையை ஆழமாகப் படித்துவிட்டு, மனித உரிமை அல்லது குழந்தை உரிமைப் படிப்பை முதுநிலைக்கு வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. இடையில் மனம் மாறினாலும் முதல் பட்டம் சோறு போடும். ஆங்கிலத்துடன் பிரெஞ்சு, ஸ்பானியம், அரபு ஆகியவற்றுள் ஒன்றைக் கற்பது பெரிதும் உதவும். பன்னாட்டு அமைப்புகளில் பல பணிகள் குறிப்பிட்ட கால ஒப்பந்தங்களே என்பதையும் இப்போதே அறிந்துகொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஐ.நா. அமைப்புகள் ஆள்சேர்ப்பின் எந்தக் கட்டத்திலும் கட்டணம் கேட்பதில்லை. பணம் கேட்பவர் எவராயினும் விலகிவிடுங்கள். அயல்நாட்டு ஆதரவற்றோர் இல்லத்தில் சில வாரத் தன்னார்வப் பணி என்று விற்கப்படும் பயணத் திட்டங்களுக்கும் செலவிட வேண்டாம். பழகிய முகங்கள் அடிக்கடி வந்து மறைவது அந்தக் குழந்தைகளுக்குத் தீங்கு செய்கிறது. அத்தகைய அனுபவத்தை இத்துறையில் விவரம் அறிந்தவர்கள் தகுதியாகக் கருதுவதும் இல்லை.

கல்லூரி விண்ணப்பத்திற்கு முன், உங்கள் நாட்டைப் பற்றி ஜெனீவாக் குழு கடைசியாக வெளியிட்ட முடிவுரைகளை, அதாவது அரசின் அறிக்கையை ஆராய்ந்து குழு எழுதிய கருத்துகளையும் பரிந்துரைகளையும், மகள் முழுமையாகப் படிக்கட்டும். அவை இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சிறார் நீதி, பள்ளி, மருத்துவம், குழந்தைத் தொழிலாளர் எனப் பிரிந்திருக்கும் அந்தப் பத்திகளில் எது அவரை மேலும் தேடிப் படிக்க வைக்கிறது என்பதை எனக்கு எழுதச் சொல்லுங்கள். பட்டப்படிப்பை அதன்பின் முடிவு செய்யலாம்.