கறை மட்டும் பட்டது, கருவா, மாதவிலக்கா?

கேள்வி: எனக்கு வயது 26. திருமணமாகி எட்டு மாதம் ஆகிறது. குழந்தையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். வழக்கமாக 28 நாளுக்கு ஒருமுறை, நான்கு நாள் உதிரப்போக்கு இருக்கும். இம்முறை தேதி தவறவில்லை. ஆனால் ஒன்றரை நாள் பழுப்புக் கறை மட்டுமே பட்டது. அதற்கு 14 நாள் முன்பு ஆணுறை கிழிந்துவிட்டது. கறை பட்ட மறுநாள் கர்ப்பச் சோதனை அட்டையில் சோதித்ததில் ஒரு கோடுதான் வந்தது. குப்பையில் போட்ட அட்டையை மாலையில் எடுத்துப் பார்த்தபோது இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தது. நான் கர்ப்பமா?

பதில்: அந்த மாலை நேரத்துக் கோட்டை முதலில் மறந்துவிடுங்கள். அட்டையில் சிறுநீர் உலரும்போது மங்கலான சாம்பல் நிறச் சுவடு ஒன்று படிவது உண்டு. உறையில் குறித்துள்ள நேரத்துக்குள், பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில், தெரிவது மட்டுமே முடிவு.

ஆனால் அந்த ஒற்றைக் கோட்டையும் இறுதி முடிவாகக் கொள்ள முடியாது. கருமுட்டை வெளிவந்து ஆறு முதல் பன்னிரண்டு நாளுக்குள் கரு கருப்பையில் பதிகிறது. அதன் பிறகே எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன் சுரக்கத் தொடங்குகிறது என்பதால், நீங்கள் சோதித்த 15ஆம் நாளில் அது அட்டைக்கு எட்டும் அளவுக்கு உயராமல் இருந்திருக்கலாம். கரு பதியும்போது சிலருக்கு இலேசான கறை படுவதும் ஏறக்குறைய மாதவிலக்குத் தேதியில்தான். ஆகவே ஆணுறை கிழிந்த நாளிலிருந்து 21 நாள் கழித்து, காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரில் மீண்டும் சோதியுங்கள். அப்போதும் ஒரே கோடு என்றால் கர்ப்பம் இல்லை என்று நிம்மதி அடையலாம். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் அதே ஹார்மோனை இரத்தத்தில் அளக்கும் பீட்டா எச்.சி.ஜி. பரிசோதனை செய்துகொள்ளலாம். இடையில் பப்பாளி, எள்ளுருண்டை என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். அவற்றால் கரு கலைவதும் இல்லை, சந்தேகம் தீர்வதும் இல்லை.

கர்ப்பம் இல்லையென்றால், ஒரு மாதம் போக்கு குறைந்ததைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. தூக்கமின்மை, மன உளைச்சல், திடீர் எடைக் குறைவு எதுவும் காரணமாகலாம். தொடர்ந்து மூன்று மாதம் இப்படியே இருந்தால் தைராய்டு பரிசோதனையும் ஸ்கேனும் தேவைப்படும்.

இரண்டு கோடு வந்தால், தொடர்வதா வேண்டாமா என்பதை மகப்பேறு மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். மருந்துக்கடையில் கலைப்பு மாத்திரை வாங்கி நீங்களாகவே விழுங்குவது ஆபத்து. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றல் இருந்தால் கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கக்கூடும். எந்த நேரமானாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனி ஆணுறை கிழிந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. 72 மணி நேரத்துக்குள் அவசரகால கருத்தடை மாத்திரை எடுக்கலாம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். அதை எடுத்த மாதத்திலும் உதிரப்போக்கு முன்பின்னாகவோ குறைவாகவோ வரக்கூடும்.