கதவைத் திறந்த பையன்

அன்புள்ள ஐயா,

மூன்று மாதமாக ஜெபத்தில் "புறப்படு" என்ற ஒரே வார்த்தை வருகிறது. வேலையை விட்டு, ஒரு வருடம் தனிமையில் ஜெபித்து, பிறகு முழுநேர ஊழியத்துக்குப் போக நினைக்கிறேன். அதிகாலையில் இரண்டு மணி நேரம் உட்காருகிறேன், மனம் நிற்பதில்லை. அம்மா படுக்கையில் இருக்கிறார், அக்கா பார்த்துக்கொள்வாள். இது தேவனுடைய அழைப்புதான் என்று எப்படி உறுதி செய்வது? எத்தனை நாள் உபவாசிக்கலாம்?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தம்பி,

உபவாசத்தை இப்போதைக்கு விடுங்கள். நாள் எண்ணும் கட்டத்தில் நீங்கள் இல்லை.

சில வாரங்களாக பைபிளில் 1 சாமுவேல் மூன்றாம் அதிகாரத்தையே சுற்றி வருகிறேன். உடனே பதில் எழுதுவது அதனால்தான். "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்ற இடத்தோடு அந்தக் கதையை நிறுத்திவிடுவது நம் வழக்கம். மேலே படியுங்கள். கர்த்தர் நான்கு முறை கூப்பிட்டார். முதல் மூன்று முறையும் ஆலயத்தில் பணிசெய்த பையன் சாமுவேல், ஆசாரியனான ஏலியிடம்தான் ஓடினான். கண் மங்கிய, பிள்ளைகளை அடக்கத் தெரியாத அந்தக் கிழவர்தான் இது யாருடைய குரல் என்று கண்டுபிடித்தார். அப்புறம் வந்த செய்தியோ அதே ஏலியின் வீட்டுக்கு எதிரான தீர்ப்பு. அதைக் கேட்ட சாமுவேல் விடியும்வரை படுத்திருந்தான், எழுந்து ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். தினப்படி வேலை! தரிசனம் கண்டவனுக்கு அன்று கதவு திறப்பதிலிருந்து விடுமுறை கிடைக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் ஏலி எங்கே? ஒருவர் பெயர்கூட இல்லை. நீங்கள் போனாலும் இருந்தாலும் லாப நஷ்டம் இல்லாத, "வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய முதிர்ந்த ஒருவரைத் தேடுங்கள். கேட்ட குரலை மட்டும் சொல்லாதீர்கள். கடன், அலுவலகச் சண்டை, தூக்கம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். மேலதிகாரி மீதுள்ள வெறுப்பும் "புறப்படு" என்றுதான் சொல்லும். அல்லேலூயா போடுகிற ஐந்து நண்பர்களிடம் கேட்பது விசாரிப்பு ஆகாது.

கதவுக்கு வருகிறேன். "அக்கா பார்த்துக்கொள்வாள்." அக்காவிடம் கேட்டீர்களா? தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதை "கொர்பான்", தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு எப்படிக் கடிந்தார் என்று மாற்கு ஏழில் பாருங்கள். அம்மாவைத் திருப்பிப் படுக்கவைப்பதும் துணி மாற்றுவதும் ஊழியத்துக்கு இடைஞ்சல் என்று உங்களுக்கு யார் சொன்னது? கோபமாகத்தான் எழுதுகிறேன், மன்னியுங்கள்.

தனிமை பற்றி ஒரு வார்த்தை. மடத்துத் துறவிகளுக்காகப் புனித பெனடிக்ட் எழுதிய துறவு விதி முதல் அதிகாரத்திலேயே சொல்கிறது: மனமாற்றத்தின் முதல் சூட்டில் இருப்பவர் தனித்துறவி ஆவதில்லை, மடத்தில் பலரோடு நெடுநாள் வாழ்ந்து சோதிக்கப்பட்டவரே ஆகிறார். ஒரு வருடம் வேண்டாம். வாரத்தில் அரை நாள், போன் வேறு அறையில். முதல் ஒரு மணி நேரம் அலுவலகம்தான் தலைக்குள் ஓடும். அது பிசாசின் தாக்குதல் அல்ல, வாரத்தின் இரைச்சல் அடங்குகிறது, அவ்வளவுதான்.

இரண்டு மணி நேர ஜெபத்தை இருபத்தைந்து நிமிடமாகக் குறையுங்கள். அதே நேரம், அதே நாற்காலி. கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க அலாரம். பத்து வசனத்துக்கு மேல் வேண்டாம். இருமுறை மெதுவாக வாசித்து, மனம் சிக்கிய சொல்லில் நின்றுவிடுங்கள். அதைப் பற்றி தேவனிடம் பேசுங்கள். கடைசி ஐந்து நிமிடம் பேச்சும் வேண்டாம். மனம் ஓடினால் சண்டை போடாமல் அந்தச் சொல்லுக்குத் திரும்புங்கள். மறந்துவிடுவோமோ என்று அரிக்கிற வேலையைத் தாளில் குறித்துவிட்டால் அது அடங்கும். தூக்கம் வந்தால் இரவு சீக்கிரம் படுங்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும். தின்று மறுபடியும் படுத்தான். தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்டது ஓரேப் மலைக்குப் போன பிறகு.

ஜெபம் வறட்சியான நாளில் நேரத்தைக் குறைக்காதீர்கள். இரண்டு நிமிடம் கூட்டுங்கள். ஒருநாள் குறைத்தால் மறுநாள் குறைப்பது எளிதாகிவிடும். இது இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் புத்தி. கத்தோலிக்கர் என்று முகம் சுளிக்காதீர்கள். வறட்சியில் பழைய தீர்மானத்தை மாற்றாதே என்பார் அவர். பரவசத்தில் அவசரப் பொருத்தனை செய்யாதே என்பதும் அவர் சொன்னதுதான். உங்களுக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

இன்று இரவு அம்மாவை நீங்கள் பாருங்கள், அக்கா தூங்கட்டும். நாளை அக்காவிடம் பேசி, அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள். ராஜினாமாக் கடிதம் அதுவரை மேசைக்குள்ளேயே கிடக்கட்டும்.